ஜான் சிங்கிள்டன் கோப்லியின் இளமைக்காலத் தொன்ம ஓவியங்களும் வரைவேடும்

ஜான் சிங்கிள்டன் கோப்லி (1738–1815) பிரித்தானியக் குடியேற்றக்கால அமெரிக்காவின் தலைசிறந்த உருவப்பட ஓவியர் ஆவார். இவர் தமது பதினைந்தாவது வயது முதல் பதினெட்டாவது வயது வரையான காலத்தில், கிரேக்க-ரோமானியத் தொன்மக் கதைகளைப் பொருளாகக் கொண்ட சில ஓவியங்களையும், மனித உடலின் எலும்பு, தசை அமைப்புகளைக் காட்டும் வரைவேடு ஒன்றையும் உருவாக்கினார். இவை அனைத்தும் ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட செப்புத்தகட்டு ஓவியங்களையும் நூற்படங்களையும் பார்த்து வரையப்பட்டவை. ஓவியக் கல்லூரியோ, அருங்காட்சியகமோ, பழங்காலச் சிலைகளோ இல்லாத ஒரு துறைமுக நகரில் வாழ்ந்த சிறுவன் ஒருவன் ஐரோப்பியக் கலை மரபைத் தானே கற்றுக்கொண்ட முறையை இவை காட்டுகின்றன. அமெரிக்க ஓவியக்கலை வரலாற்றில் இவற்றுக்குள்ள இடம் இதனாலேயே ஏற்பட்டது.

பின்னணி

18 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓவிய வகைகளுக்கு இடையே தெளிவான ஏற்றத்தாழ்வு இருந்தது. தொன்மக் கதைகள், விவிலியக் காட்சிகள், பண்டைய வரலாற்று நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் காட்டும் ஓவியங்கள் "வரலாற்று ஓவியம்" என்ற பெயரில் முதலிடம் பெற்றன. உருவப்படம், நிலக்காட்சி, அசையாப் பொருள் ஓவியம் ஆகியவை அதற்குக் கீழானவையாகக் கருதப்பட்டன. வரலாற்று ஓவியம் வரைவோருக்கு மனித உடலின் அமைப்பு, பல உருவங்களை ஒரே காட்சியில் பொருத்தும் திறன், பண்டைய இலக்கிய அறிவு ஆகிய மூன்றும் வேண்டும் என்று எண்ணப்பட்டதே இதற்குக் காரணம். பாரிசு, ரோம் போன்ற நகரங்களில் மாணவர்கள் சிலைகளைப் பார்த்தும், ஆடையற்ற மாதிரிகளைப் பார்த்தும் பல ஆண்டுகள் வரைந்து இத்திறனைப் பெற்றனர்.

பாஸ்டன் நகரில் இவற்றுள் எதற்கும் வாய்ப்பு இல்லை. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 16,000 மட்டுமே. நகரை நிறுவிய பியூரிட்டன் கிறித்தவர்கள் தேவாலயங்களில் உருவங்களை வைப்பதை ஏற்கவில்லை. ஆடையற்ற உருவங்களைப் பொது இடத்தில் வைப்பது அதைவிட அரிது. எனினும் தொன்மக் கதைகள் அந்நகருக்குப் புதியவை அல்ல. 1635 இல் தொடங்கப்பட்ட பாஸ்டன் இலத்தீன் பள்ளியிலும், 1636 இல் நிறுவப்பட்ட ஆர்வர்டு கல்லூரியிலும் இலத்தீன் இலக்கியம் கற்பிக்கப்பட்டது. படித்தவர்கள் இக்கதைகளை நூல் வழியே அறிந்திருந்தனர். அவற்றைப் படமாகக் காணும் வாய்ப்பே அவர்களுக்கு மிகக் குறைவாக இருந்தது.

இளமையும் பயிற்சியும்

கோப்லியின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். தாயார் மேரி சிங்கிள்டன் கோப்லி, பாஸ்டன் துறைமுகத்தின் நீண்ட படகுத்துறையில் புகையிலைக் கடை நடத்தி வந்தார். கணவர் இறந்தபின், 1748 இல் அவர் பீட்டர் பெல்லாம் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பெல்லாம் இலண்டனில் தொழில் கற்ற செதுக்கோவியர். மெசோடின்ட் எனப்படும் அச்சுமுறையை அமெரிக்காவில் முதன்முதலில் கையாண்டவர் அவரே. இம்முறையில் செப்புத் தகட்டின் மேற்பரப்பு முழுவதும் முதலில் சொரசொரப்பாக்கப்படுகிறது. அந்நிலையில் அச்சிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாகத் தோன்றும். வெளிச்சம் தேவையான இடங்களைச் சுரண்டியும் தேய்த்தும் வழவழப்பாக்குவதன் மூலம் படம் படிப்படியாக வெளிப்படுகிறது. இதனால் கோடுகளைவிட ஒளியும் நிழலுமே இம்முறையில் முதன்மை பெறுகின்றன.

மாற்றாந்தந்தையின் வீட்டில் செதுக்குக் கருவிகளும் ஆங்கில நாட்டு அச்சோவியங்களும் இருந்தன. இப்பயிற்சி மூன்று ஆண்டுகளே நீடித்தது. 1751 டிசம்பரில் பெல்லாம் காலமானார். பாஸ்டனின் முன்னணி ஓவியராக விளங்கிய ஜான் சுமைபர்ட்டும் அதே ஆண்டில் இறந்திருந்தார். இத்தாலிக்குச் சென்று வந்தவரான சுமைபர்ட், ரஃபேல், வான் டைக், பூசான் ஆகியோரின் ஓவியங்களுக்குத் தாம் எழுதிய படிகளையும், மெடிசி வீனசு சிலையின் சாந்து வார்ப்பையும் தமது ஓவியக்கூடத்தில் வைத்திருந்தார். அவர் இறந்த பின்னரும் அக்கூடத்திலிருந்த பொருள்கள் பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டன. பாஸ்டனில் ஓவியம் கற்க விரும்புவோருக்குக் கிடைத்த ஒரே காட்சிக்கூடம் அதுவே எனலாம்.

கோப்லியின் தொடக்கக்கால வேலை ஒன்று அவரது சூழ்நிலையை நன்கு விளக்குகிறது. 1753 இல் வில்லியம் வெல்சுடீடு என்ற மதகுருவின் படத்தை அச்சிட அவர் முனைந்தார். புதிய தகடு ஒன்றைத் தொடக்கம் முதல் உருவாக்காமல், வேறொரு மதகுருவுக்காக பெல்லாம் முன்னர் செதுக்கிய தகட்டை எடுத்துக்கொண்டு, முகத்தையும் பெயரையும் மட்டும் அழித்து மாற்றினார். உடலும் ஆடையும் அப்படியே இருந்தன. ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுத்து அதைத் தமதாக்கிக் கொள்ளும் இம்முறையையே அவர் அடுத்து வரைந்த தொன்ம ஓவியங்களிலும் காண்கிறோம்.

தொன்ம ஓவியங்கள்

ஏறத்தாழ 1754 ஆம் ஆண்டைச் சேர்ந்த பின்வரும் மூன்று ஓவியங்கள் குறிப்பிடத்தக்கவை.

- கலாத்தியா: கடல்தேவதையான கலாத்தியா தன் பரிவாரத்துடன் கடலில் செல்லும் காட்சி. வெனிசு நகர ஓவியர் கிரகோரியோ லாட்சரீனியின் ஓவியத்தைக் கொண்டு செய்யப்பட்ட அச்சோவியத்தைத் தழுவியது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.
- நெப்டியூனின் மீள்வருகை: கடற்கடவுள் நெப்டியூன் குதிரைகள் இழுக்கும் தேரில் கடல்மீது வரும் காட்சி. இத்தாலிய ஓவியர் ஆந்திரேயா கசாலியின் ஓவியத்தைக் கொண்டு சிமோன் பிரான்சுவா ரவெனே செதுக்கிய அச்சோவியத்தைத் தழுவியது. நியூயார்க்கு மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.
- மார்சு, வீனசு, வல்கன்: வல்கனின் உலைக்களத்தைக் காட்டும் ஓவியம். 1754 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இவற்றின் கதைகள் ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டவை. கலாத்தியாவின் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் தமது "உருமாற்றங்கள்" நூலின் 13 ஆம் பகுதியில் கூறுகிறார். ஒற்றைக்கண் அரக்கனான பாலிபீமசு அவள்மீது காதல் கொண்டு, அவள் விரும்பிய ஆசிசு என்ற இளைஞனைப் பாறையால் கொன்றான் என்பது கதை. வல்கன் கொல்லர்களின் கடவுள். அவர் மனைவி வீனசும் போர்க்கடவுள் மார்சும் கள்ளத்தனமாகக் கூடியதும், வல்கன் கண்ணுக்குப் புலப்படாத நுண்வலை செய்து இருவரையும் பிடித்ததும் ஓமரின் ஒடிசியிலும் ஓவிட்டின் நூலிலும் வருகின்றன. ஆடையற்ற உருவங்களையும் பல கதைமாந்தரையும் ஒரே காட்சியில் காட்ட இக்கதைகள் இடமளித்தன. கற்கும் ஓவியனுக்கு அவை ஏற்றவையாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

படியெடுத்தலும் நிறமும்

இவ்வோவியங்கள் படியெடுக்கப்பட்டவை என்பதால் முக்கியத்துவம் அற்றவை எனக் கருதுவது பொருந்தாது. அச்சோவியம் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. கடலின் நிறம், மாலை வானத்தின் ஒளி, மனித உடலின் தோல் நிறம், துணிகளின் சாயம் ஆகியவற்றுள் எதையும் அது தெரிவிப்பதில்லை. மூல ஓவியத்தைக் கோப்லி பார்த்ததில்லை. எனவே உருவங்களின் அமைப்பை மட்டும் கடனாகப் பெற்று, நிறங்கள் முழுவதையும் அவரே கற்பனை செய்ய வேண்டியிருந்தது. தகட்டுக் கோடுகளால் காட்டப்பட்ட நிழலை எண்ணெய் வண்ணத்தின் படிநிலைகளாக மாற்றும் பயிற்சியும் இதனால் கிடைத்தது.

அச்சோவியம் வழியே கற்பதன் குறையும் இவற்றில் தெரிகிறது. தகட்டில் செதுக்கப்பட்ட உருவத்துக்குக் கூர்மையான விளிம்புகள் உண்டு. உருவத்தைச் சூழும் காற்றும் தொலைவும் அதில் குறைவு. கோப்லியின் உருவங்களும் தனித்தனியே வெட்டி வைத்தாற்போல் விளிம்பு கூடியவையாக உள்ளன. ஒளிக்கும் நிழலுக்கும் இடையே மெல்லிய மாற்றத்தைக் காட்டிலும் திடீர் மாற்றமே மிகுதி. பிற்காலத்தில் இவர் வரைந்த பாஸ்டன் உருவப்படங்களின் தனிச்சிறப்பாகப் போற்றப்படும் கூர்மையும் அழுத்தமான ஒளிநிழலும் இப்பயிற்சியின் தொடர்ச்சி எனலாம். குறையாகத் தோன்றியதே பின்னர் நடையாக மாறியது.

1756 ஆம் ஆண்டின் வரைவேடு

தொன்ம ஓவியங்களில் ஏற்பட்ட சிக்கல் ஒன்றைத் தீர்க்கும் முயற்சியாகக் கோப்லியின் வரைவேட்டைக் காணலாம். அச்சோவியத்தில் உள்ள கை ஒன்றைப் படியெடுக்கலாம். ஆனால் அக்கையை வேறொரு நிலையில் வரைய வேண்டுமானால், தோலுக்குக் கீழே உள்ள எலும்பையும் தசையையும் அறிந்திருக்க வேண்டும். கோப்லி 1756 இல், தமது பதினெட்டாவது வயதில், உடற்கூற்று வரைபடங்கள் அடங்கிய ஏடு ஒன்றை உருவாக்கினார். இவ்வேடு இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

இதற்கு அவர் பயன்படுத்திய மூலநூல்கள் இரண்டு. ஒன்று, யாக்கோபு வான் டெர் கிராக்ட் என்ற டச்சு ஓவியர் 1634 இல் ஓவியர்களுக்காக வெளியிட்ட உடற்கூற்று நூல். இது 16 ஆம் நூற்றாண்டு மருத்துவ அறிஞர் வெசாலியசின் படங்களைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. மற்றொன்று, பெர்னார்டினோ ஜெங்கா என்ற இத்தாலிய மருத்துவரின் பெயரில் 1691 இல் ரோமில் வெளியான நூல். ஜெங்காவின் நூல் பண்டைய கலையோடு நேரடித் தொடர்புடையது. லாவோகோன், பார்னீசு எர்குலிசு, போர்கீசு வீரன் முதலிய புகழ்பெற்ற சிலைகளின் தோலை நீக்கினால் உள்ளே தசைகள் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை அதிலுள்ள படங்கள் காட்டின. மருத்துவத்துக்கும் தொன்மக் கலைக்கும் பாலமாக அமைந்த நூல் இது. ரோம் சென்றிராத ஒருவர், சிலையின் வெளித்தோற்றத்தையும் உள்ளமைப்பையும் ஒருசேரக் கற்க இத்தகைய நூல்களே வழியாயின.

தொன்ம ஓவியங்களைப் போலவே இவ்வேடும் விற்பனைக்காக உருவாக்கப்பட்டதன்று. பாஸ்டனில் இத்தகைய படங்களை வாங்குவோர் இருக்கவில்லை. தனக்குத் தானே ஆசிரியராக இருந்த ஒருவரின் பாடக்குறிப்பாகவே இது அமைந்தது.

உருவப்படத் தொழிலும் மனக்குறையும்

1756 க்குப் பிறகு கோப்லியின் உழைப்பு முழுவதும் உருவப்படங்களுக்குச் சென்றது. வணிகர்கள், மதகுருமார், கைவினைஞர், அவர்தம் மனைவியர் எனப் பலர் தம் உருவத்தை வரையச் செய்தனர். அச்சோவியத்திலிருந்து எடுத்தாளும் பழக்கம் இங்கும் தொடர்ந்தது. 1763 ஆம் ஆண்டளவில் திருமதி ஜெரத்மியேல் பவர்சு என்ற பெண்ணை வரைந்தபோது, ஆங்கில ஓவியர் ஜோசுவா ரெனால்ட்சு வரைந்த கரோலின் ரசல் சீமாட்டியின் மெசோடின்ட் படத்திலிருந்து உடை, அமர்ந்த நிலை, மடியில் உள்ள நாய் வரை அனைத்தையும் எடுத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றினார். பத்து ஆண்டுகளுக்கு முன் மதகுருவின் தகட்டில் செய்த வேலையை இது நினைவூட்டுகிறது.

தொழிலில் செல்வமும் புகழும் பெற்றபோதிலும் கோப்லிக்கு மனநிறைவு ஏற்படவில்லை. தமது தாய்வழி அரைச் சகோதரர் என்றி பெல்லாம் அணிலுடன் அமர்ந்திருப்பதாக அவர் வரைந்த ஓவியம் 1766 இல் இலண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. (என்றி, பீட்டர் பெல்லாமுக்கும் கோப்லியின் தாயாருக்கும் பிறந்தவர்.) ரெனால்ட்சு அதைப் பாராட்டினார், அதேவேளை அதில் ஒருவகைக் கடினத்தன்மை உள்ளதென்றும், நடை இறுகிப்போகும் முன் ஓவியர் ஐரோப்பா வர வேண்டும் என்றும் கருத்துத் தெரிவித்தார். அவ்வாண்டு நவம்பரில், இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் பெஞ்சமின் வெசுட்டுக்கு எழுதிய கடிதத்தில், சுமாராக அச்சிடப்பட்ட சில படங்களைத் தவிர இந்நாட்டில் கலைக்கு எடுத்துக்காட்டே இல்லை என்றும், அவற்றிலிருந்து அதிகம் கற்க இயலாது என்றும் கோப்லி குறிப்பிட்டார். 1767 ஆம் ஆண்டளவில் எழுதிய மற்றொரு கடிதத்தில், பாஸ்டன் மக்கள் ஓவியத்தைத் தச்சு, தையல், செருப்புத் தொழில் போன்றதொரு பயனுள்ள தொழிலாகவே கருதுகின்றனர் என வருந்தினார். முகச்சாயலைப் பாதுகாக்கும் தேவை இல்லையெனில் ஓவியம் என்ற ஒன்றே அங்கு அறியப்பட்டிராது என்பது அவர் எண்ணம்.

இத்தாலியப் பயணமும் பிற்கால ஓவியங்களும்

1773 டிசம்பரில் நடந்த பாஸ்டன் தேநீர் நிகழ்வு கோப்லியின் குடும்பத்தை நேரடியாகப் பாதித்தது. கடலில் எறியப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையைப் பெற்று விற்கும் உரிமை பெற்றிருந்த வணிகர்களுள் அவர் மாமனார் ரிச்சர்டு கிளார்க்கும் ஒருவர். 1774 சூனில் கோப்லி அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டார். பின்னர் அவர் திரும்பவே இல்லை. அவ்வாண்டு ரோமை அடைந்து, இருபது ஆண்டுகளாக அச்சில் மட்டுமே கண்ட கலையை நேரில் கண்டார்.

இப்பயணத்தின்போது 1775 இல் வரைந்த ரால்ப் இசார்டு தம்பதியரின் படம் (பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம்) இங்குக் குறிப்பிடத்தக்கது. தென் கரோலினாவைச் சேர்ந்த அத்தம்பதியர் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்துள்ளனர். பின்னணியில் கிரேக்கப் பூச்சாடி ஒன்றும், கொலோசியமும், தொன்மப் பாத்திரங்களான ஒரெசுட்டீசு, எலெக்ட்ரா ஆகியோருடையது என இன்று அடையாளம் காணப்படும் இரட்டைச் சிலையும் காணப்படுகின்றன. அச்சிலையைப் பார்த்து வரைந்த தாள் ஒன்று இசார்டின் கையில் உள்ளது. சிலையும் அதன் வரைவும் ஒரே ஓவியத்தில் இடம்பெற்றுள்ளமை, வரைவின் வழியாகவே சிலைகளை அறிந்திருந்த ஓவியருக்குப் பொருத்தமானதாகும்.

இளமைக்காலப் பயிற்சியின் பயன் 1778 இல் முழுமையாக வெளிப்பட்டது. அவ்வாண்டு இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட "வாட்சனும் சுறாவும்" என்னும் ஓவியம், 1749 இல் அவானா துறைமுகத்தில் புரூக் வாட்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனைச் சுறா தாக்கி, வலக்காலின் கீழ்ப்பகுதியைப் பறித்த உண்மை நிகழ்ச்சியைக் காட்டுகிறது. இதில் கடவுளரோ தேவதையரோ இல்லை. எனினும் நீரில் மல்லாந்து கிடக்கும் சிறுவனின் உடல்நிலை போர்கீசு வீரன் சிலையை ஒத்துள்ளது எனக் கலை வரலாற்றாளர்கள் சுட்டியுள்ளனர். இளமையில் நெப்டியூனையும் கலாத்தியாவையும் வரைந்த கடற்காட்சி, இங்கு சமகால மனிதர் உயிருக்குப் போராடும் கடலாக மாறியது. இவ்வோவியம் வாசிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. இதற்காகக் கோப்லி வரைந்த ஆயத்த வரைவுகள் சில டெட்ராய்ட்டு கலை நிறுவனத்தில் உள்ளன. இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் அவர் வண்ணத்தாளில் கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கோல்களால் பல ஆயத்த வரைவுகளைச் செய்து, கட்டங்கள் இட்டுப் பெரிய திரைக்கு மாற்றும் முறையைக் கையாண்டார்.

சமகாலத்தவருடன் ஒப்பீடு

இந்நிலை கோப்லிக்கு மட்டும் உரியதன்று. அவர் பிறந்த அதே 1738 இல் பென்சில்வேனியாவில் பிறந்த பெஞ்சமின் வெசுட், 1756 ஆம் ஆண்டளவில் "சாக்ரடீசின் மரணம்" என்னும் ஓவியத்தை வரைந்தார். அதற்கும் ஒரு வரலாற்று நூலில் இருந்த அச்சுப்படமே அடிப்படை. வெசுட் 1760 இல், இருபத்திரண்டு வயதிற்குள்ளாகவே, இத்தாலி சென்றார். கோப்லிக்கு அவ்வாய்ப்பு முப்பத்தாறாவது வயதில்தான் கிடைத்தது.

விடுதலைக்குப் பின்னரும் அமெரிக்காவில் ஆடையற்ற தொன்ம உருவங்களுக்கு எளிதில் வரவேற்புக் கிடைக்கவில்லை. ராபர்ட் எட்சு பைன் என்ற ஆங்கில ஓவியர் 1784 இல் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்த மெடிசி வீனசு வார்ப்பைப் பொதுமக்கள் பார்வையில் வைக்க இயலாமல் பெட்டியில் மூடிவைத்து, விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டியிருந்தது. ஜான் வாண்டர்லின் பாரிசில் வரைந்து 1812 இல் காட்சிக்கு வைத்த "ஆரியாட்னி" ஓவியமும் அமெரிக்காவில் எதிர்ப்பைச் சந்தித்தது. இவற்றோடு ஒப்பிடும்போது, 1754 இலேயே பாஸ்டனில் ஒரு சிறுவன் ஆடையற்ற கடல்தேவதையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தமை வியப்புக்குரியது.

மதிப்பீடு

கோப்லியின் இளமைக்காலத் தொன்ம ஓவியங்கள் தம்மளவில் சிறந்த கலைப்படைப்புகள் அல்ல. அவற்றில் அமைப்பு பிறருடையது, உடற்கூறு முழுமையடையாதது. அவற்றின் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. மூலத்தைக் காண முடியாத ஒருவர் அதன் நிழலிலிருந்து எவ்வளவு கற்க முடியும் என்பதற்கு அவை சான்று. அச்சோவியங்களிலிருந்து அதிகம் கற்க இயலாது என்று கோப்லியே எழுதினார். ஆனால் ரோமுக்குச் சென்றபின் 1775 இல் அவர் எழுதிய கடிதம், பெரும் ஓவியர்களின் படைப்புகளும் ஓவியங்களே என்றும், அவர்களுக்கும் பிறருக்கும் இடையே உள்ள தொலைவு புகழுரைகளைப் படித்து எண்ணியிருந்த அளவுக்குப் பெரிதன்று என்றும் கூறுகிறது. அத்தொலைவில் ஒரு பகுதியை, பாஸ்டனில் கறுப்பு வெள்ளைத் தாள்களைப் பார்த்து வரைந்த ஆண்டுகளிலேயே அவர் கடந்துவிட்டிருந்தார் என்பதற்கு 1754 ஆம் ஆண்டின் ஓவியங்களும் 1756 ஆம் ஆண்டின் வரைவேடும் சான்றாக உள்ளன.